பனியன் துணியில் முறுக்கிய கயிறு

என் கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். பனியன் துணியை ரெண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு தேய் தேய்த்தால் போதும். என்ன நூல், என்ன கனம், துவைத்தால் சுருங்குமா தொங்குமா, எல்லாம் சொல்லிவிடுவேன். எங்கள் கம்பெனியில் இதற்கென்று படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், வட்டமாகத் துணி வெட்டுகிற கருவி இருக்கிறது, தராசு இருக்கிறது. அவர்கள் வெட்டி, எடை போட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி ஜிஎஸ்எம் என்று துணியின் கனத்தைச் சொல்வதற்குள் நான் சொல்லியிருப்பேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருத்தர் வந்திருந்தபோது கண்ணைக் கட்டிக்கொண்டு பத்துத் துணிக்குப் பத்தும் சரியாகச் சொன்னேன். அந்த போட்டோ இன்றைக்கும் ஆபீஸ் சுவரில் தொங்குகிறது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தைத்து விழுகிற துணியை மடித்துக் கொடுக்கிற கைமடி வேலையில் ஆரம்பித்து இந்த அளவுக்கு வந்தது இந்தக் கையால்தான்.

அந்தக் கை செய்த தப்பைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையாவது பரவாயில்லை, வாய் செய்தது அதைவிடப் பெரிசு.

மகளைக் குன்னத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். மருமகன் தோட்டத்தைப் பார்க்கிறார், மகள் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். பேத்திக்கு எட்டு வயசு, பேரனுக்கு அஞ்சு. கோடை லீவு விட்டால் ரெண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். திருப்பூரில் வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை நீச்சல் கிளாசுக்கு அனுப்புகிறார்கள். மருந்து வாசம் அடிக்கிற நீலத் தொட்டி, கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்கு ரப்பர் தொப்பி. எனக்கு அது ஒத்துவரவில்லை. ஆறு வயசில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடப்பட்டவன் நான். மூணாம் நாள் குடுக்கையைக் கழற்றி எறிந்தேன். என் பேரப்பிள்ளைகளுக்கு மருந்துத் தண்ணியா?

"நான் மலைத் தண்ணிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று மகளிடம் சொன்னேன்.

"ஏனுங்கப்பா, முட்டி வலிக்கு இன்னும் தைலம் தேச்சுட்டு இருக்கறீங்க. பாறையில ஏறி எறங்கறதெல்லாம் வேண்டாமுங்க."

"முட்டிக்குத்தான் வயசாச்சு. நீச்சலுக்கு வயசாகுமா?"

"உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியாது. ஒண்ணே ஒண்ணு. பிள்ளைக தண்ணிக்குள்ள இருக்கறப்ப போன எடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"பண்ணியாச்சு போ."

உடுமலை தாண்டித் தெற்கே போனால் மலை அடிவாரத்தில் எனக்குத் தெரிந்தவருடைய தென்னந்தோப்பு ஒன்று இருக்கிறது. தோப்பு முடிகிற இடத்தில் காரை நிறுத்திவிட்டு ஓடைக் கரையோடு அரை மணி நேரம் நடக்க வேண்டும். பெரிய பாறை ரெண்டுக்கு நடுவில் தண்ணீர் இடுப்பு உயரத்திலிருந்து விழுந்து ஒரு மடுவாகத் தேங்கி நிற்கும். கரைப் பக்கம் பிள்ளைகளுக்கு முழங்கால் ஆழம். நடுவில் எனக்கே தலை மூழ்கும். இடத்தின் பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே பாட்டிலும் பிளாஸ்டிக் தட்டும் மிதக்கும்.

முதல் தடவை போனபோது பேரன் கரையில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு தண்ணீரை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்புச்சி, இந்தத் தண்ணிக்கு ஏனுங்க கலரே இல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் எப்போதோ ஓடிய சிவப்புத் தண்ணியையும் நீலத் தண்ணியையும் பார்த்துவிட்டு, தண்ணீர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறான். "இதுதான் கண்ணு கோராத் தண்ணி. இன்னும் சாயத்துக்குப் போகலை" என்றேன். பேத்திக்கு அது பெரிய ஜோக். அன்றைக்கு முழுக்க மீனைக் காட்டி "கோரா மீனு", தவளையைக் காட்டி "இது டையிங் முடிஞ்சிருச்சு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வரும் வழியில் அணைக்கட்டுப் பக்கம் முதலைப் பண்ணையைப் பார்த்திருந்ததால் பேரன் மட்டும் ஒவ்வொரு பாறையாகப் போய்ப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

பேத்தி சட்டென்று பழகிவிட்டாள். கரையோரத்தில் கை காலை அடித்து மிதக்க ஆரம்பித்துவிட்டாள். பேரனுக்குத்தான் பயம். அவன் மார்பில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, மறு முனையை நான் பிடித்துக்கொண்டு, "அப்புச்சி பிடிச்சிருக்கேன் பாரு, அடி" என்று தண்ணீரில் விட்டேன். அடித்தான். ஆனால் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் ரெண்டு கக்கத்திலும் கயிறு அறுத்துச் சிவந்து கிடந்தது. மகள் வீடியோ காலில் பார்த்துவிட்டு ஒரு பாட்டம் பேசினாள்.

எனக்கு வந்தது ரோஷம். பச்சைப் பிள்ளை உடம்பில் உறுத்தாத துணி செய்வதுதானே என் தொழில்? வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு முதல் சட்டை நம் ஊரிலிருந்துதான் போகிறது. கம்பெனிக்குப் போய் நல்ல காட்டன் பனியன் துணியாகப் பார்த்து, நானே கத்தரியை எடுத்து நீள நீளமாக வெட்டினேன். பனியன் துணியை அப்படி வெட்டி இழுத்தால் தானாகச் சுருண்டு வடமாகிவிடும். எங்கள் ஊரில் எதைக் கட்டவும் அதுதான். வெட்டின பீஸைக் கட்டுவது, பைக்கில் மூட்டையைக் கட்டுவது, பந்தல் காலைக் கட்டுவது, எல்லாத்துக்கும் வேஸ்ட் துணிதான் கயிறு. மூணு பிரியாக முறுக்கிப் பின்னினேன். வெள்ளை வெளேரென்று, பூ மாதிரி இருந்தது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "இந்தா, நீ ஒரு முனை பிடி" என்று இழுத்துக் காட்டினேன். அறவில்லை. "யானையைக் கட்டலாமுங்க மொதலாளி" என்றான். முதலாளியிடம் வேறு என்ன சொல்வான்?

ரெண்டாம் தடவை அந்தக் கயிற்றோடு போனோம். பேரனுக்குக் கொண்டாட்டம். உறுத்தவில்லை, அறுக்கவில்லை. கரையேறும்போது பார்த்தேன், காலையில் மார்போடு ஒட்டிக் கட்டின வளையத்துக்குள் என் முழங்கை போகிற அளவுக்கு இடம் இருந்தது. முடிச்சு தளர்ந்திருக்கும் என்று நினைத்து இன்னொரு முடிச்சு போட்டுவிட்டு வந்தேன்.

இதை இப்போது எழுதும்போதே விரல் கூசுகிறது. ரெண்டு வாஷில் டி-சர்ட் முட்டி வரைக்கும் தொங்குகிறது என்று எத்தனை லாட் சரக்கை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! நனைந்த பனியன் துணி பாரம் ஏறினால் இழுத்துக்கொண்டே போகும் என்று கைமடி வேலைக்குப் புதுசாக வந்தவருக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். என் கையால் செய்தது என்பதால் அதை நான் சோதிக்கவில்லை.

மூணாம் தடவை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் மலையில் மழை. தண்ணீர் கொஞ்சம் கூடியிருந்தது. கீழே பாறையில் ஒரு புருஷனும் பெண்சாதியும் தக்காளிச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் தைக்கிறவர்கள், சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் என்று பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது. அந்தப் பெண் பேரனைப் பார்த்து, "என்ன மாப்ள, மாட்ட அவுத்து விட்ட மாதிரி கயித்தோட திரியுதீய?" என்று கேலி பண்ணினாள். அவன் வெட்கப்பட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டான்.

அப்போது என் போன் அடித்தது.

சத்தியம் பண்ணியிருந்தேன். ஞாபகமும் இருந்தது. ஆனால் அடித்தது டையிங் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டால் ஏதோ ஒரு லாட்டில் சாயத்தின் ஷேடு மாறியிருக்கிறது என்று அர்த்தம். மடுவுக்குப் பக்கத்தில் சிக்னல் கிடையாது, விட்டு விட்டுக் கேட்டது. மேலே ஒரு பாறை இருக்கிறது, அங்கே ஏறினால் கிடைக்கும். பேத்தியைக் கூப்பிட்டுக் கயிற்றின் முனையை அவள் கையில் ரெண்டு சுற்றுச் சுற்றிக் கொடுத்தேன்.

"ரெண்டே நிமிஷம் கண்ணு. விடாம பிடிச்சுக்கோ."

"சரிங்கப்புச்சி."

மேலே ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தேன். "யாரக் கேட்டு அந்த லாட்ட எறக்குனே? நான் வந்து பாக்காம ஒரு பீஸ் வெளிய போகக் கூடாது, ஆமா!" ரெண்டு நிமிஷமில்லை, அதற்கும் மேலே இருக்கும். தண்ணீரில் யாரோ தொப்பென்று விழுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

அந்தப் பெண் புடவையோடு மடுவின் நடுவில் இருந்தாள். ஒரு கை தண்ணீரை அடித்தது, இன்னொரு கையில் பேரனின் தலைமயிர். எனக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். நான் இறங்கிச் சேர்வதற்குள் அவள் அவனைக் கரையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீரைக் கக்கினான். இருமினான். அப்புறம் ஓவென்று அழுதான். அந்த அழுகைச் சத்தத்தைப் போல இனிமையாக எதையும் நான் கேட்டதில்லை.

பேத்தி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கயிறு அவள் கையில் சுற்றினபடியே இருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவளையும் சேர்த்து அணைத்திருக்க வேண்டும். நான் செய்தது, "விட்டுட்டயாடி? ரெண்டு நிமிஷம் பிடிக்க முடியலையா உனக்கு?" என்று மலை எதிரொலிக்கக் கத்தினது.

அந்தப் பெண் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "என்னத்துக்குய்யா பிள்ளைய ஏசுதீய? அது எங்க விட்டுச்சு? கையிலதான வச்சிருக்கு."

பேத்தியின் கையிலிருந்து கயிற்றை வாங்கி இழுத்தேன். தண்ணீருக்குள்ளிருந்து வளையம் வந்தது. நான் போட்ட ரெண்டு முடிச்சும் அப்படியே இருந்தன. வளையம் மட்டும் ஒரு ஆளே நுழைகிற மாதிரி விரிந்து தொங்கியது. அந்தப் பெண் அதை வாங்கி ரெண்டு விரலால் தேய்த்தாள். நான் தேய்ப்பது போலவே.

"பனியன் துணில்லா இது" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நனைஞ்சா இழுக்கும்லா."

வாயில் வந்தது வேறு. "நீங்க எந்தக் கம்பெனியிலம்மா இருக்கறீங்க? நாளைக்கே நம்ம கம்பெனிக்கு வாங்க. லைன் சூப்பர்வைசராப் போட்டுத் தாறேன்."

"வேலை இருக்குய்யா. மொதல்ல அந்தப் பிள்ளை கண்ணத் தொடைங்க."

துடைத்தேன். ஆனால் "நீ விடலை கண்ணு" என்று சொல்லவில்லை. காரில் வரும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். காரில் ரெண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். வீட்டில் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் மகள் வந்து நின்றாள். பேரன்தான் முந்திக்கொண்டான். "அக்கா கயித்த விட்டுட்டா, நான் முங்கிட்டேன். அப்புச்சி அக்காளத் திட்டுனாங்க."

மகள் என்னைப் பார்த்தாள். "நெசமாங்கப்பா?"

இங்கேதான் அந்த வாய். "சின்னப் பிள்ளைதானே, கை வழுக்கியிருக்கும். விட்டுடு, அவளை ஒண்ணும் சொல்லாதே" என்றேன். எவ்வளவு பெருந்தன்மை! போன் பேசினதையும் சொல்லவில்லை, கயிற்றையும் சொல்லவில்லை. மகள் பேத்தியின் முதுகில் ஒன்று வைத்தாள். "தம்பி செத்திருந்தா என்னடி பண்ணியிருப்ப?" அந்த அடியை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பேத்தி அழவில்லை, மறுத்தும் பேசவில்லை. தண்ணீரில் குதித்த பெண் 'விடலை' என்று சொன்னதைக் காதில் கேட்டவள்தான். ஆனால் யாரோ ஒருத்தி சொன்னதைவிட அப்புச்சி சொன்னதைத்தான் அவள் நம்பினாள். ஊரே என் பேச்சை நம்புகிறது, பிள்ளை நம்பாதா?

பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாசம் இருக்கும். மகள் போனில் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். "உங்க பேத்தி பண்ற கூத்தக் கேளுங்கப்பா. வேன்ல ஏறுனதும் ஜடை ரிப்பனை அவுத்து ஒரு முனைய தம்பி கையில கட்டிர்றா. இன்னொரு முனைய தன் கையில சுத்தி வெச்சுக்கறா. எறங்கற வரைக்கும் அவுக்கறதில்ல. இன்டர்வெல்லுல அவன் கிளாஸ் வாசல்ல போய் நிக்கறாளாம். மிஸ் கூப்பிட்டுச் சொல்றாங்க." அப்புறம் குரல் மாறிவிட்டது. "வெளையாடவே போறதில்லீங்கப்பா. கேட்டா, 'நான் விட்டுருவேன், பயமா இருக்கு'ங்கறா."

போனை வைத்துவிட்டு ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். எதிரே கண்ணைக் கட்டிக்கொண்டு நான் துணியைத் தொடுகிற போட்டோ. அன்றைக்கு ஒரு துணியும் பார்க்க முடியவில்லை. எட்டு வயசுப் பிள்ளை, ஆயுசு முழுக்கத் தம்பியைக் கொல்லப் பார்த்தவள் என்று நினைத்துக்கொண்டே வளரப்போகிறாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். அந்த ஒரு வார்த்தைக்கு என் மானம் குறுக்கே நின்றது. அப்படி ஒரு மானம்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை குன்னத்தூர் போனேன். கயிறு காரின் டிக்கியிலேயே கிடந்தது, காய்ந்து சுருங்கிப் பழையபடி ஆகியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு பேத்தியை வாசலுக்குக் கூப்பிட்டேன்.

"கண்ணு, அன்னைக்கு மலைத் தண்ணியில நீ கயித்த விடவேயில்ல."

அவள் தரையைப் பார்த்தாள். "விட்டேனுங்கப்புச்சி."

"இல்ல கண்ணு."

"கொசு கடிச்சுது. அப்ப சித்த விட்டேன். தம்பி முங்கறப்ப மறுபடியும் பிடிச்சுட்டேன்."

நடக்காத ஒன்றை அந்தப் பிள்ளை தனக்குள் ஜோடித்து வைத்திருக்கிறது. அப்புச்சி பொய் சொல்லமாட்டார், அப்படியானால் தான் எப்போதோ விட்டிருக்க வேண்டும் என்று யோசித்து யோசித்து ஒரு கொசுவைக் கண்டுபிடித்திருக்கிறது.

அதற்கு மேல் பேச்சில் பிரயோசனம் இல்லை. பேரனைக் கூப்பிட்டு அவன் மார்பில் காய்ந்த கயிற்றைக் கட்டினேன். அவளையே முடிச்சு போடச் சொன்னேன். "விரலை விட்டுப் பாரு, போகுதா?" போகவில்லை. பக்கெட் தண்ணீரைப் பேரன் தலையில் ஊற்றினேன். அவன் குதித்தான், கூச்சல் போட்டான். இன்னொரு பக்கெட். "இப்பப் பிடிச்சு இழு. உன்ற பலம் முழுக்க இழு." இழுத்தாள். "இன்னும் இழு." கயிறு நீண்டுகொண்டே வந்தது. பேரனிடம் "ரெண்டு கையையும் மேல தூக்குடா" என்றேன். தூக்கிக்கொண்டு உட்கார்ந்தான். வளையம் தலைக்கு மேலே வழுகி வெளியே வந்துவிட்டது. அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. கயிறும் அவள் கையிலேயே இருந்தது.

"இன்னொரு தடவைங்கப்புச்சி!" என்றான் பேரன்.

பேத்தி அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இது அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமாங்கப்புச்சி?"

எத்தனையோ பையர்கள் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்திருக்கிறது.

"தெரியும் கண்ணு. அங்கயே தெரியும். நான் போன் பேசப் போனேன். கயிறும் நான் செஞ்சதுதான். உன் மேல போட்டுட்டேன்."

கதவருகில் மகள் நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றாளோ. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் அவளை அடிச்சனேங்கப்பா. நீங்க பக்கத்துலதான நின்னீங்க" என்று மட்டும் சொன்னாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எட்டு வயசுப் பிள்ளையை இடுப்பில் தூக்க அவளால் முடியவில்லை, ஆனாலும் தூக்கிக்கொண்டுதான் போனாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு மருமகன் போட்டார்.

அருள்புரத்தில் அந்தப் பெண்ணையும் தேடிப் பார்த்தேன். கம்பெனியும் பேரும் தெரியாதவன் எப்படிக் கண்டுபிடிப்பேன்? வேலை தருகிறேன் என்று சொன்னேனே தவிர, பேரைக் கேட்கத் தோன்றவில்லை.

வேனில் ரிப்பன் கட்டுவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றதாக மகள் சொன்னாள். முழுசாக நிற்கவில்லை. மழை பெய்தால் மட்டும் கட்டுகிறாளாம்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அந்த மடுவுக்குப் போனோம். கேட்டது பேரன். மகளும் கூட வந்தாள். கடையில் வாங்கின மிதவைச் சட்டை ரெண்டு, ஆரஞ்சு கலரில். பேத்தி முதலில் தம்பிக்கு மாட்டி ஒவ்வொரு பக்கிளாக இழுத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து ஒரு பாறையைக் காட்டினாள்.

"நீங்க இங்க உக்காருங்கப்புச்சி."

உட்கார்ந்தேன்.

"போனக் குடுங்க."

கொடுத்தேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டு எனக்கு நாலடி தள்ளி இன்னொரு பாறையில் உட்கார்ந்துகொண்டாள். மகளும் பேரனும் தண்ணீரில் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. என் கை தானாக நீண்டது. பேத்தி போனில் யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தண்ணீரில் தம்பியைப் பார்த்தாள். போனைத் திருப்பி மடியில் கவிழ்த்து வைத்தாள். அது அடித்து அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. நான் கையை எடுத்து முட்டி மேல் வைத்துக்கொண்டேன்.